ஸ்கீ பைண்டிங்: குல்மார்க் போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அந்தச் சின்ன எண்

பிப்ரவரி மாதம். ஆபீஸ் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஸ்ரீநகருக்கு டிக்கெட் போட்டாயிற்று. அங்கிருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில் குல்மார்க். முதல் நாள் பனியைப் பார்த்த சந்தோஷத்தில் போட்டோ எடுத்தே பொழுது போய்விட்டது. இரண்டாம் நாள் காலை ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடைக்குள் நுழைகிறீர்கள். கடைக்காரர் ஷூ சைஸ் கேட்கிறார். ஒரு பூட்ஸை எடுத்து ஸ்கீயின் மேல் வைத்துப் பார்க்கிறார். திருப்புளியை எடுத்து இரண்டு திருகு திருகுகிறார். "ஹோ கயா" என்கிறார். வேலை முடிந்தது.

மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடத்தில் அவர் உங்கள் எடையைக் கேட்டாரா? உயரம், வயது? இதற்கு முன் ஸ்கீயிங் செய்திருக்கிறீர்களா என்றாவது கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அவர் திருகி வைத்தது யாரோ ஒருவருடைய காலுக்கு. உங்கள் காலுக்கு இல்லை.

பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துப் பிடிக்கும் அந்தக் கருவிக்குப் பெயர் பைண்டிங். அதன் மேல் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னலும், அதற்குள் ஒரு எண்ணும் இருக்கும். கீழே விழும்போது ஸ்கீ உங்கள் காலைவிட்டுக் கழல வேண்டுமா, எவ்வளவு விசை வந்தால் கழல வேண்டும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. குல்மார்க், அவுலி, மணாலி பக்கம் சோலாங் என்று எங்கே போனாலும், ஆன்சைட் போன இடத்தில் வார இறுதியில் ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பினாலும், விஷயம் இதேதான்.

பிடித்துக்கொள்ளவும் வேண்டும், விட்டுவிடவும் வேண்டும்

பைண்டிங்கில் இரண்டு பாகங்கள். முன்னால், பூட்ஸின் விரல் பக்கத்தைப் பிடிப்பது டோ பீஸ். பின்னால், குதிகாலைப் பிடிப்பது ஹீல் பீஸ். இரண்டுக்குள்ளும் ஆளுக்கொரு ஸ்பிரிங்.

ஸ்கீ என்பது உங்கள் காலில் கட்டிய, கிட்டத்தட்ட உங்கள் உயரத்துக்கே இருக்கும் ஒரு நெம்புகோல். அதன் நுனி பனியில் எங்காவது மாட்டிக்கொண்டு, உங்கள் உடம்பு மட்டும் வேறு பக்கம் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குக் கீழே உள்ள நீள எலும்புக்குப் போகும். அந்த நேரத்தில் டோ பீஸ் பக்கவாட்டில் திறந்து பூட்ஸை விட்டுவிட வேண்டும். முன்பக்கமாகக் குப்புற விழுந்தால் ஹீல் பீஸ் மேல்நோக்கித் திறந்து குதிகாலை விட வேண்டும். அடிப்படையில் இவ்வளவுதான்.

நம் ஊர் வீட்டு மெயின் போர்டில் இருந்த பழைய ஃபியூஸ் கட்டை ஞாபகம் இருக்கிறதா? லோடு அதிகமானால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி கரண்ட் போய்விடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வீட்டு ஒயரிங் தப்பித்துவிடும். "சும்மா சும்மா ஃபியூஸ் போகுது" என்று யாராவது ஒருவர் தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பார். அதற்கப்புறம் ஃபியூஸ் போகாது, ஒயரிங் எரியும். பைண்டிங்கில் உள்ள எண்ணும் அந்தக் கம்பியின் தடிமன் மாதிரிதான். எண் கூடினால் கழலுவதற்கு அதிக விசை வேண்டும். ஸ்கீ கழலாது, எலும்பு கழலும்.

அதற்காக எண்ணை ஒரேயடியாகக் குறைத்து வைத்துவிடலாமா? அதுவும் ஆபத்து. ஒரு திருப்பத்தில் வேகமாகப் போகும்போது காரணமே இல்லாமல் ஒரு ஸ்கீ கழன்றால், ஒற்றைக் காலில் நீங்கள் எங்கே போய் மோதுவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் மரம், பாறை, பள்ளம் எதுவும் இருக்கலாம். ஆக, இரண்டு ஆபத்துகளுக்கு நடுவில் உங்கள் உடம்புக்கு ஏற்ற ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பைண்டிங்கைச் சரிசெய்வது என்பது.

இந்த யோசனையே ஒரு முறிந்த காலில் இருந்து வந்ததுதான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லேண்டில் குடியேறிய ஹியால்மர் ஹவாம் என்ற ஸ்கீ வீரர் 1937-இல் ஹூட் மலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்தக் காலத்துப் பைண்டிங் காலை விடவே விடாது. மருத்துவமனையில் படுத்திருந்தபோதே, விழுந்தால் தானாகக் கழலும் பைண்டிங்குக்கான வடிவம் அவருக்குப் பிடிபட்டது. பிறகு அதற்கு காப்புரிமையும் வாங்கி விற்கத் தொடங்கினார். இன்று உங்கள் காலில் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது?

பேச்சு வழக்கில் இதை 'டின்' எண் என்பார்கள். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பின் பெயர்ச்சுருக்கம் அது. இன்று இதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. எந்த நிறுவனத்தின் பைண்டிங்காக இருந்தாலும் அளவுகோல் ஒன்றே என்பதால், ஒரு கம்பெனியின் 5-ம் இன்னொரு கம்பெனியின் 5-ம் ஒரே அளவு விசையைத்தான் குறிக்க வேண்டும்.

எண்ணைக் கண்டுபிடிக்க ஐந்து விவரங்கள் வேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், நீங்கள் எப்படி ஓட்டுபவர் என்பது.

முதலில் எடையும் உயரமும். அட்டவணையில் 58 முதல் 66 கிலோ வரை ஒரு வரிசை, 67 முதல் 78 கிலோ வரை அடுத்த வரிசை. உயரத்துக்கும் இதேபோல் 158 முதல் 166 செ.மீ. ஒரு வரிசை, 167 முதல் 178 செ.மீ. அடுத்தது. சரி, நீங்கள் 62 கிலோ, 172 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எடை ஒரு வரிசையைக் காட்டுகிறது, உயரம் அதற்கு அடுத்த வரிசையைக் காட்டுகிறது. இப்போது என்ன செய்வது? இரண்டில் குறைவானதைத்தான் எடுக்க வேண்டும். ஒல்லியாக, உயரமாக இருப்பவர்களின் எலும்பு மெலிதாக இருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு.

வயது 50 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் ஒரு வரிசை குறைக்க வேண்டும். அப்பா அம்மாவையும் பனி காட்ட அழைத்துப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். "அப்பா தினமும் வாக்கிங் போறார், ரொம்ப ஃபிட்" என்பதெல்லாம் அட்டவணைக்குத் தெரியாது. 9 வயது வரையிலான குழந்தைகளுக்கும் இதே குறைப்பு உண்டு.

அடுத்தது பூட்ஸ் அடிநீளம். இதை ஷூ சைஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 26.5 என்பது உங்கள் பாதத்துக்கான சைஸ். அடிநீளம் என்பது பிளாஸ்டிக் பூட்ஸின் முன் நுனியில் இருந்து பின் நுனி வரையிலான நீளம். பெரும்பாலும் குதிகால் பக்கத்தில், ஓரமாக, '305 மி.மீ.' என்பதுபோல் பொறித்திருப்பார்கள். பாத சைஸ் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கம்பெனி பூட்ஸின் அடிநீளம் வேறு வேறாக இருக்கும். நீளம் கூடக்கூட பூட்ஸே ஒரு நீளமான நெம்புகோலாகிவிடும். அதனால் ஒரே எடை உள்ள இரண்டு பேரில் நீளமான பூட்ஸ் போட்டவருக்கு எண் குறைவாக இருக்கும். மதியத்துக்கு மேல் "பூட்ஸ் கடிக்குது" என்று கடைக்குப் போய் வேறு ஜோடி மாற்றிக்கொண்டால், பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்தாக வேண்டும். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

கடைசி விவரம்தான் வில்லங்கமானது. நீங்கள் எப்படிப்பட்ட ஸ்கீயர்? மூன்று வகை வைத்திருக்கிறார்கள். மெதுவாக, சாய்வு குறைந்த இடத்தில், நிதானமாக ஓட்டுபவர் முதல் வகை. நடுத்தரம் இரண்டாம் வகை. வேகமாக, செங்குத்தான சரிவில் பாய்ந்து ஓட்டுபவர் மூன்றாம் வகை. இரண்டாம் வகைக்கு ஒரு வரிசையும் மூன்றாம் வகைக்கு இரண்டு வரிசையும் எண் கூடும்.

மேலே சொன்ன 62 கிலோ நண்பர் 305 மி.மீ. பூட்ஸோடு முதல் வகை என்று சொன்னால் எண் சுமாராக 4-க்கும் 5-க்கும் இடையில் வரும். பக்கத்தில் நிற்கும் தோழிகளைப் பார்த்துவிட்டு "ஐ ஆம் அக்ரசிவ்" என்று சொன்னால் அதே காலுக்கு எண் 6-ஐத் தாண்டிவிடும். (சரியான எண்ணை அந்தந்தப் பைண்டிங் நிறுவனத்தின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். இங்கே சொல்லியிருப்பது கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்கு மட்டும்.)

முதல் முறை ஸ்கீ போடுகிறவர்கள் அத்தனை பேரும் முதல் வகைதான். ஜிம்மில் எத்தனை கிலோ தூக்குகிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் விழுகிறார்கள். மெதுவாக முறுக்கிக்கொண்டு விழும்போது எண் கூடுதலாக இருந்தால் பைண்டிங் திறக்காமலேயே போகலாம். எடையிலும் இதே நேர்மை வேண்டும். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வதும் தப்பு, கெத்துக்காகக் கூட்டிச் சொல்வதும் தப்பு. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒருமுறை எடை பார்த்துவிட்டுப் போங்கள்.

எண் சரியாக இருந்தும் பைண்டிங் தவறாக இருக்கலாம்

இங்கேதான் யூடியூப் பார்த்துவிட்டுத் திருப்புளியோடு கிளம்புகிறவர்கள் சறுக்குகிறார்கள். எண்ணை வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் சரியாக இருக்க வேண்டியவை சில உண்டு. அவை தவறாக இருந்தால் ஜன்னலில் தெரியும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

முதலாவது, டோ பீஸுக்கும் ஹீல் பீஸுக்கும் இடையிலான தூரம். வாடகை ஸ்கீயில் பெரும்பாலும் இரண்டும் ஒரு தண்டவாளத்தின் மேல் நகரும். பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள் போட்டிருப்பார்கள். பூட்ஸில் 305 என்றிருந்தால் முன்னாலும் பின்னாலும் 305-க்கு நேராக வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பல்லில் சரியாக உட்காராமல் இருந்தால் நகரும். நகரக் கூடாது.

அதோடு முடியவில்லை. பூட்ஸை உள்ளே மிதித்துப் பூட்டியதும் ஹீல் பீஸ் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்பட்டு, ஒரு ஸ்பிரிங் அதை முன்பக்கமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும்போது ஸ்கீ வளையும். வளையும்போது முன், பின் பாகங்களுக்கு இடையிலான தூரம் மாறும். அந்த மாற்றத்தை ஈடுகட்டிப் பூட்ஸை விடாமல் பிடிப்பது இந்த அழுத்தம்தான். ஆங்கிலத்தில் ஃபார்வர்ட் பிரஷர் என்பார்கள். இது குறைவாக இருந்தால் ஓடும்போது ஸ்கீ தானாகக் கழலும். அதிகமாக இருந்தால் கழல வேண்டிய நேரத்தில் இறுக்கிப் பிடிக்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க எல்லாப் பைண்டிங்கிலும் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள். சிலவற்றில் பின்னால் உள்ள ஒரு ஸ்க்ரூவின் தலை, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு சமமட்டமாக நிற்க வேண்டும். வேறு சிலவற்றில் ஒரு சின்ன அம்பு அல்லது தகடு குறிப்பிட்ட கட்டத்துக்குள் வர வேண்டும். பூட்ஸ் உள்ளே இருக்கும்போதுதான் இதைப் பார்க்க முடியும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கடைக்காரரிடமே "எங்கே பார்க்கணும்?" என்று கேட்டுவிடுங்கள். நன்றாக வேலை தெரிந்தவர் உடனே விரலை வைத்துக் காட்டுவார்.

இரண்டாவது, பூட்ஸின் அடிப்பாகம் எந்த வகை என்பது. பழைய வகை பூட்ஸின் அடிப்பாகம் தட்டையான கெட்டிப் பிளாஸ்டிக். இப்போது வருபவற்றில் பல 'கிரிப்வாக்' எனப்படும் வகை. நடக்க வசதியாக ரப்பர் வைத்து, கொஞ்சம் வளைவாக இருக்கும். இந்த வகை பூட்ஸ் எல்லாப் பைண்டிங்குக்கும் ஒத்துவராது. ஒத்துவராத பைண்டிங்கிலும் 'கிளிக்' என்று உட்கார்ந்துவிடும் என்பதுதான் வம்பே. உட்காரும், ஆனால் பக்கவாட்டில் சரியாகக் கழலாது. பூட்ஸில் அந்தப் பெயர் இருந்தால் பைண்டிங்கிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்ஸின் முன்பகுதி வழுக்கிப் பக்கவாட்டில் போவதற்காக டோ பீஸின் அடியில் ஒரு தட்டு வைத்திருப்பார்கள். அது உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் அந்த ஜோடியை வாங்காதீர்கள்.

மூன்றாவது, தேய்மானம். ஸ்கீ பூட்ஸ் போட்டுக்கொண்டு தார் ரோட்டிலும் பார்க்கிங்கிலும் நடந்து நடந்து, முன்னும் பின்னும் உள்ள உதட்டுப் பகுதி உருண்டு தேய்ந்திருக்கும். பைண்டிங் பிடிப்பதே அந்த உதட்டைத்தான்.

நான்காவது, பலரும் சிரித்துவிட்டுக் கடந்துபோவது: பூட்ஸுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பனி. நடக்கும்போது அடியில் பனி அப்பி, மிதிக்க மிதிக்க ஐஸ்கட்டியாக இறுகிவிடும். அதோடு பைண்டிங்கில் ஏறினால் பூட்ஸ் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். கழலவே கூடாத நேரத்தில் கழலலாம், கழல வேண்டிய நேரத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் ஸ்கீ போடும் முன் அடிப்பாகத்தைப் பைண்டிங்கின் ஓரத்திலோ ஸ்கீ போல் கொண்டோ சுரண்டிவிட்டு ஏறுங்கள். கட்டுரை முழுவதையும் மறந்தாலும் இது ஒன்றை மறக்காதீர்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இதுதான்.

"அண்ணே, ஸ்கீ கழன்டுகிட்டே இருக்கு, டைட் பண்ணுங்க"

மலையில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: திருப்புளி வரும், எண் 1 கூடும். திரும்பவும் கழன்றால் இன்னொரு 1. மாலைக்குள் அந்த ஃபியூஸ் கட்டையில் கட்டுக்கம்பி ஏறிவிடும்.

காரணமில்லாமல் கழலும் ஸ்கீக்கு எண் குறைவாக இருப்பது ஒரு காரணம் மட்டுமே. அடியில் ஐஸ் இருக்கலாம். முன்னழுத்தம் குறைவாக இருக்கலாம். தண்டவாளத்தில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். பூட்ஸ் தேய்ந்திருக்கலாம். ஹீல் பீஸ் முழுவதும் பூட்டாமல் பாதியில் நின்றிருக்கலாம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் எண்ணைத் தொட வேண்டும். அப்போதும் அட்டவணை தரும் எண்ணைத் தாண்டக் கூடாது.

இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கழன்றது விழுவதற்கு முன்பா, விழும்போதா? விழும்போது கழன்றால் அது பழுது இல்லை. பைண்டிங் தன் வேலையைச் செய்திருக்கிறது. எழுந்து, பனியைத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மறுபடி போடுவதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். பள்ளத்துப் பக்கம் உள்ள ஸ்கீயை முதலில் போடுங்கள். ஹீல் பீஸின் பின்பக்க நெம்புகோல் கீழே இறங்கி, பைண்டிங் திறந்த நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடியைச் சுரண்டுங்கள். விரல் பக்கத்தை முதலில் நுழைத்து, நேராக வைத்து, குதிகாலால் அழுத்துங்கள். 'டக்' என்று கெட்டியாக ஒரு சத்தம் வர வேண்டும்.

பைண்டிங் காப்பாற்றாத ஒன்று

இதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டால் கால் பத்திரமா? இல்லை, ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாகாணத்தில், சுகர்புஷ் என்ற பனிச்சரிவில் ராபர்ட் ஜான்சன், கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகிய மூவரும் 1972 முதல் பல பத்தாண்டுகள் ஸ்கீ விபத்துகளைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். பைண்டிங்குகள் மேம்பட மேம்பட, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவது மிகப்பெரிய அளவில் குறைந்ததை அவர்கள் கண்டார்கள். ஆனால் முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு கிழிவது அப்படிக் குறையவில்லை. ஒரு கட்டத்தில் கூடவும் செய்தது.

காரணம் பைண்டிங்கின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. வழக்கமான பைண்டிங் முன்னால் பக்கவாட்டிலும், பின்னால் மேல்நோக்கியும்தான் திறக்கும். முட்டியைக் கெடுக்கும் விழுகை வேறு மாதிரியானது. பின்பக்கமாகச் சாய்ந்து உட்காருவதுபோல் விழுவீர்கள். இடுப்பு முட்டிக்குக் கீழே இறங்கிவிடும். பள்ளத்துப் பக்கத்து ஸ்கீயின் வால் பகுதி பனியைக் கடித்துக்கொண்டு, காலை உள்பக்கமாகத் திருப்பும். முறுக்கு எலும்புக்குப் போகாமல் முட்டிக்குப் போகிறது. இந்த விசையை உணர்ந்து திறப்பதற்குச் சாதாரணப் பைண்டிங்கில் வழியில்லை. எண்ணை எவ்வளவு குறைத்தாலும் இதற்கு முழுத் தீர்வு கிடைக்காது.

இங்கே காப்பாற்றுவது உங்கள் பழக்கம்தான். பின்னால் சாய்ந்து விழத் தொடங்கிவிட்டால், சறுக்கிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்க முயலாதீர்கள். முழுவதும் நிற்கும் வரை காத்திருங்கள். விழும்போது காலை விறைப்பாக நீட்டாதீர்கள். கையைப் பின்னால் ஊன்றி உட்கார முயலாதீர்கள். நம் உடம்பு இயல்பாகச் செய்வது இந்த மூன்றையும்தான் என்பதால், முதல் நாளிலேயே பயிற்சியாளரிடம் விழச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். குல்மார்க்கில் மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய ஸ்கீயிங் மற்றும் மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம் ஸ்கீயிங் பயிற்சி நடத்துகிறது. ஒரு நாள் ரீல்ஸுக்காகப் போகாமல் உண்மையிலேயே கற்க நினைப்பவர்களுக்கு இவை நல்ல இடங்கள்.

கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறி அபர்வத் மலைப் பக்கம் போகும் அனுபவசாலிகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே பலர் பயன்படுத்துவது, பூட்ஸின் முன்பக்கத்தை இரண்டு ஊசிகளால் பிடிக்கும் டூரிங் பைண்டிங். மேலே நடந்து ஏறும்போது கழலாமல் இருக்க அதன் முன்பக்கத்தை 'லாக்' செய்வார்கள். இறங்கும்போது அந்த லாக்கை எடுக்க மறந்தால் முன்பக்கம் திறக்காது. பனிச்சரிவு வந்தால் ஸ்கீ நங்கூரம் மாதிரி உங்களைக் கீழே இழுக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு அந்த உயரமும் தேவையில்லை, அந்தப் பைண்டிங்கும் தேவையில்லை.

சரி, கடையில் என்ன செய்வது?

திருப்புளியை நீங்கள் எடுக்க வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து. சொந்த ஸ்கீ வைத்திருப்பவர்களும் ஆண்டுக்கொருமுறையாவது பைண்டிங்கைச் சோதிக்கும் இயந்திரம் உள்ள கடையில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. ஜன்னலில் தெரிவது நாம் வைத்த எண். ஸ்பிரிங் உண்மையில் எந்த விசைக்குத் திறக்கிறது என்பதை அந்த இயந்திரம்தான் சொல்லும். பழைய ஸ்பிரிங்கில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய ஜோடியை வாங்க நினைப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரண பிளஸ் திருப்புளி இந்த ஸ்க்ரூக்களுக்குச் சரியாகப் பொருந்தாது. 'போசிட்ரைவ் 3' என்ற தனி வகை வேண்டும். தப்பான திருப்புளியைப் போட்டால் ஸ்க்ரூவின் தலைதான் மழுங்கும்.

வாடகைக் கடையில் நீங்கள் செய்ய வேண்டியது கேட்பதுதான். எடை, உயரம், வயது மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டிலோ போன் நோட்ஸிலோ எழுதி, அவர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். "முதல் தடவை, மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்பதை அரைகுறை இந்தியிலாவது சொல்லுங்கள். அட்டவணை இருக்கிறதா என்று கேளுங்கள். பூட்ஸை உள்ளே பூட்டியபின் முன்னழுத்த அடையாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பூட்ஸின் முன்பக்கத்தை உள்ளங்கையால் பக்கவாட்டில் ஓங்கித் தட்டச் சொல்லுங்கள். அது கொஞ்சம் நகர்ந்து, தானாகவே நடுவுக்குத் திரும்ப வேண்டும். நகரவே இல்லை என்றாலும், போன இடத்திலேயே நின்றுவிட்டாலும் வேறு ஜோடி கேளுங்கள். பூட்ஸைக் கழற்றியதும் இரண்டு பக்கமும் பிரேக் கம்பிகள் கீழே இறங்குகின்றனவா என்றும் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால், கழன்ற ஸ்கீ சரிவில் தனியாகப் பாய்ந்து கீழே இருப்பவரைப் போய் அடிக்கும்.

பின்னால் வரிசை நிற்கும், நண்பர்கள் "டேய், சீக்கிரம் வாடா" என்று கத்துவார்கள், கடைக்காரர் முகம் சுளிக்கலாம். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஆகட்டும். டிராவல் இன்ஷூரன்ஸ் போட்டிருந்தால் அதில் ஸ்கீயிங் அடங்குமா என்பதையும் கிளம்பும் முன் படித்துவிடுங்கள். சாகச விளையாட்டுகளைத் தனியாகச் சேர்த்தால்தான் பல பாலிசிகள் பணம் தரும்.

கடைசியாக, உங்கள் ஜோடியில் மொத்தம் நான்கு எண்கள் இருக்கும். இடது டோ, இடது ஹீல், வலது டோ, வலது ஹீல். நான்கையும் பூட்ஸின் அடிநீளத்தையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இரவு ஸ்கீயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலை உங்கள் கைக்கு வருவது அதே ஜோடிதானா, நடுவில் வேறு யாராவது போட்டு ஓட்டினார்களா என்பது தெரியாது. காலில் மாட்டும் முன் போட்டோவை எடுத்து நான்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் திரும்பக் கடைக்குள் போங்கள்.